550-0: நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலேஜ் ஃபுட்பால் சீசனைப் பிரித்துப் படிப்பது எப்படி

1902 ஜனவரி 1 அன்று மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆடிய அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் ஸ்கோரை முதன்முதலாகப் பார்த்தபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 49-0. ஏழேழு நாற்பத்தொன்பது, அதாவது ஏழு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது), ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி, அதன் மேல் கம்பங்களுக்கு நடுவே அடிக்கும் ஒரு கூடுதல் உதை, கணக்கு கச்சிதம் என்று நோட்டில் எழுதிவைத்து, நண்பர் ஒருவருக்கு வாட்ஸாப்பில் பெரிய விளக்கமே கொடுத்துவிட்டேன். எல்லாம் தப்பு. அந்தக் காலத்தில் டச்டவுனுக்கு ஐந்து புள்ளிதான். அன்று மிச்சிகன் போட்டது எட்டு டச்டவுன், அதில் நான்குக்குத்தான் கூடுதல் உதை உள்ளே போனது, அப்புறம் ஒரு ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் நடுவிலேயே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது), அதற்கும் அன்று ஐந்து. நாற்பது, நான்கு, ஐந்து: மொத்தம் 49. இதே ஆட்டத்தை இன்றைய விதிப்படி எண்ணினால் 55-0 வரும்.

அன்றைக்குப் பட்ட வெட்கத்தில்தான் பழைய சீசன்களைப் படிக்க எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 1901 மிச்சிகன் அணி: பதினொரு ஆட்டம், பதினொன்றும் வெற்றி, போட்ட புள்ளி 550, விட்ட புள்ளி பூஜ்யம். இப்படி ஒரு வரியைப் பார்த்தால் "அடேங்கப்பா" என்று வாயைப் பிளக்கத் தோன்றும், இல்லையா, "எவன் கூட ஆடினானோ" என்று உதட்டைப் பிதுக்கத் தோன்றும். இரண்டுமே அவசரம்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் ஃபுட்பால் என்றால் நினைவுக்கு வரும் ஆட்டம் இது இல்லை. இது அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எதிரணி காலைப் பிடித்து மண்ணில் சாய்ப்பது. கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு 1901-ன் ஆட்டம் இன்றைய அமெரிக்க ஆட்டத்தைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் அன்று பந்தை முன்னால் வீசிப் பாஸ் கொடுக்கவே அனுமதி கிடையாது. முழுக்க முழுக்கத் தள்ளுமுள்ளு.

முதலில் ஒரு காலண்டர் போடுங்கள்

கதையைத் தேடிப் போகாதீர்கள், தேதியைத் தேடுங்கள். ஒரு பக்கம் எடுத்து ஆட்ட நாள், கிழமை, ஊர், எதிரணி, ஸ்கோர் என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்புங்கள். மிச்சிகனுக்கு அது இப்படி வரும். செப்டம்பர் 28 ஆல்பியன் 50-0, அக்டோபர் 5 கேஸ் 57-0, 12 இந்தியானா 33-0, 19 நார்த்வெஸ்டர்ன் 29-0, 26 பஃபலோ 128-0. நவம்பர் 2 கார்லைல் 22-0, 9 ஒஹாயோ ஸ்டேட் 21-0, 16 சிகாகோ 22-0, 23 பெலாய்ட் 89-0, 28 அயோவா 50-0. கடைசியாக ஜனவரி 1 ஸ்டான்ஃபோர்டு 49-0.

எல்லாவற்றையும் கையால் ஒருமுறை கூட்டிப் பாருங்கள், 550 வரவேண்டும். அசட்டுத்தனமான வேலை போலத் தெரியும், ஆனால் பழைய சீசன்களில் ஒரு இடத்தில் இருக்கும் ஸ்கோரும் இன்னொரு இடத்தில் இருக்கும் மொத்தமும் ஒட்டாமல் போவது அடிக்கடி நடக்கும். ஒட்டவில்லை என்றால் ஏதோ ஒரு ஆட்டம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது பயிற்சி ஆட்டத்தை ஒருவர் சேர்த்திருக்கிறார், இன்னொருவர் சேர்க்கவில்லை என்று அர்த்தம்.

கிழமையை எதற்குக் குறிக்கச் சொல்கிறேன் என்றால், கடைசி இரண்டைத் தவிர மற்றதெல்லாம் சனிக்கிழமை. நவம்பர் 28 வியாழன், அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள், அன்று பெரிய ஆட்டம் வைப்பது அந்தக் காலத்து வழக்கம், கூட்டம் வரும், காசு வரும். ஜனவரி 1 புதன்கிழமை. அயோவா ஆட்டத்துக்கும் இதற்கும் நடுவில் 34 நாள் இடைவெளி. இந்த இடைவெளி கண்ணில் பட்டவுடனே இது வழக்கமான ஆட்டம் இல்லை, தனியாகக் கூப்பிட்டு வைத்தது என்று புரிந்துவிடும். ஆண்டுக் குழப்பமும் இங்கேதான். ஆட்டம் நடந்தது 1902-ல், சீசன் 1901-னுடையது. 1902 என்று தேடினால் வேறொரு அணியின் கணக்கு வந்து நிற்கும், அதுவும் இதே மிச்சிகன், அதுவும் தோற்காத அணி, அதனால் தப்பு செய்தது தெரியாமலே பாதி தூரம் போய்விடுவீர்கள்.

ஊர்க் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பஃபலோ வரைக்கும் முதல் ஐந்து ஆட்டமும் சொந்த ஊரான ஆன் ஆர்பரில், ரீஜண்ட்ஸ் ஃபீல்டு மைதானத்தில். கார்லைல் ஆட்டம் டெட்ராய்டில், ஒஹாயோ ஆட்டம் கொலம்பஸில், அயோவா ஆட்டம் இரண்டு அணிக்கும் சொந்த ஊர் இல்லாத சிகாகோவில். எல்லாம் ரயில் பயணம்.

அந்த ஆண்டின் விதியைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்கோரைத் தொடாதீர்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய டெஸ்ட் மேட்ச் ஸ்கோர்கார்டு படிப்பவர்களுக்கு இது புதிதில்லை, ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் ஓவருக்கு எட்டு பந்து என்று தெரியாமல் ஓவர் கணக்கைப் பார்த்தால் எல்லாமே கோணலாகத் தெரியும். அமெரிக்க ஃபுட்பாலில் இந்தத் தொல்லை பத்து மடங்கு, ஏனென்றால் 1900-க்கும் 1912-க்கும் நடுவில் ஆட்டத்தையே கழற்றி மாட்டினார்கள்.

1901-ல் டச்டவுன் 5, அதற்குப் பிறகான கூடுதல் உதை 1, ஃபீல்டு கோல் 5, சேஃப்டி (பந்து வைத்திருப்பவனை அவன் சொந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால் எதிரணிக்குக் கிடைப்பது) 2. டச்டவுனும் ஃபீல்டு கோலும் ஒரே விலை! கால் வலுவான ஒருவன் அணியில் இருந்தால் முக்கி முனகி கோடு வரை போக வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் 1904-ல் ஃபீல்டு கோல் 4 ஆனது, 1909-ல் 3, 1912-ல் டச்டவுன் 6. ஆக, கையில் எடுத்திருக்கும் சீசன் எந்த ஆண்டு என்று பார்த்து இந்த நான்கு எண்ணையும் நோட்டின் மேல் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். நான் சிவப்பு மையில் எழுதுவேன்.

அடுத்தது டவுன் கணக்கு, அதாவது பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒரு அணி எத்தனை முயற்சிக்குள் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பது. இன்று நான்கு முயற்சியில் பத்து கஜம். 1901-ல் மூன்று முயற்சியில் ஐந்து கஜம், அவ்வளவுதான். ஐந்து கஜம் என்பது நான்கைந்து பேர் சேர்ந்து முட்டினால் கிடைத்துவிடும் தூரம், அதுவும் பந்து வைத்திருப்பவனைச் சொந்த அணிக்காரர்களே பின்னால் இருந்து தள்ளலாம், இழுக்கலாம், தப்பில்லை. தினமும் இதையே பழகி, உடம்பிலும் பலமாக இருக்கும் அணி பந்தைக் கையில் வாங்கினால் விடவே விடாது, ஆலை உருளை மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் 128, மறு பக்கம் பூஜ்யம் என்கிற ஸ்கோர் எப்படிச் சாத்தியம் என்பதற்குப் பாதி விடை இந்த ஐந்து கஜத்தில் இருக்கிறது. இன்னொன்று, மைதானத்தின் நீளம் 110 கஜம், இன்று போல 100 இல்லை. ஒருவன் 105 கஜம் ஓடி டச்டவுன் போட்டான் என்று பழைய செய்தியில் பார்த்தால் அச்சுப்பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

நேரம்: 35 நிமிஷம், இடைவேளை, மறுபடி 35. மொத்தம் எழுபது. ஆனால் இரு தரப்பும் பேசிக்கொண்டால் குறைத்துக்கொள்ளலாம், சீசன் தொடக்கத்தில் சின்ன காலேஜ்களோடு ஆடும்போது குறைப்பது சகஜம். ஆகவே ஒவ்வொரு ஆட்டச் செய்தியிலும் "பாதி எத்தனை நிமிஷம்" என்ற வரியைத் தேடிப் பிடியுங்கள், பெரும்பாலும் அணிப் பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஆள் மாற்றம்: வெளியே போனவன் திரும்ப உள்ளே வர முடியாது. தாக்கும் அணி, தடுக்கும் அணி என்று தனித்தனி ஆட்களும் கிடையாது. ஸ்டான்ஃபோர்டு ஆட்டம் நடந்த கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் மிச்சிகன் வெறும் பதினொரு பேரை வைத்தே முழு ஆட்டத்தையும் முடித்தது. இன்றைய காலேஜ் அணி சாப்பாட்டுக்கூடத்தில் பந்தி போட்டால் நூறு இலை வேண்டும்.

ஒரு ஆட்டத்தை மட்டும் முழுசாகப் பிரியுங்கள்

பதினொன்றையும் ஒரே அளவு துருவினால் சலித்துவிடும், ஒன்றை எடுத்து எலும்பு வரை போங்கள். எனக்குப் பிடித்தது அந்த 49-0 தான், ஏனென்றால் என்னை முட்டாளாக்கியது அதுதான்.

பாசடீனாவில் புத்தாண்டு அன்று ரோஜாத் திருவிழா ஊர்வலம் நடத்துபவர்கள், கூட்டத்தை இழுக்க ஒரு ஃபுட்பால் ஆட்டம் வைக்கலாம் என்று முடிவு செய்து கிழக்கில் இருந்து மிச்சிகனையும் மேற்கில் இருந்து ஸ்டான்ஃபோர்டையும் அழைத்தார்கள். மைதானம் டூர்னமெண்ட் பார்க், வந்தவர்கள் சுமார் 8,000 பேர். இன்று இதை முதல் ரோஸ் பவுல் என்கிறோம், ஆனால் அன்று அந்தப் பெயரும் இல்லை, அந்த ஸ்டேடியமும் இல்லை, ஸ்டேடியம் கட்டியது 1920-களில்தான். 1902 செய்தித்தாளில் "ரோஸ் பவுல்" என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் அரைநாள் வீணடித்த கதையும் உண்டு.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் யாருக்கும் புள்ளி இல்லை. இடைவேளைக்குள் 17-0. எப்படி 17? இரண்டு டச்டவுன், இரண்டு கூடுதல் உதை, ஒரு ஃபீல்டு கோல்: பத்து, இரண்டு, ஐந்து. இப்படி இடைவேளை ஸ்கோரையும் உடைத்து வைத்துக்கொண்டால் இரண்டாம் பாதியில் மீதி 32 எப்படி வந்தது என்பது தானாக வந்து விழும், ஆறு டச்டவுன், இரண்டு உதை. ஆறில் நான்கு உதை தவறியிருக்கிறது பாருங்கள். அன்று கூடுதல் உதை இன்று போலக் கம்பத்துக்கு நேர் எதிரே வைத்து அடிக்கும் சலுகை இல்லை, டச்டவுன் விழுந்த இடத்துக்கு நேர்கோட்டில் இருந்து அடிக்க வேண்டும், ஓரத்தில் விழுந்தால் கோணம் கெட்டுப்போகும். ரக்பி பார்ப்பவர்களுக்கு உடனே புரியும்.

ஆள் கணக்கு: ஃபுல்பேக் நீல் ஸ்னோ ஐந்து டச்டவுன், கர்டிஸ் ரெட்டன் இரண்டு, ஆல்பர்ட் ஹெர்ன்ஸ்டீன் ஒன்று. உதைகள் நான்கும் புரூஸ் ஷார்ட்ஸ். ஃபீல்டு கோல் எவரெட் ஸ்வீலி. கவனித்தீர்களா, அந்த அணியில் இன்று வரை பெரிதாகப் பேசப்படுகிற வில்லி ஹெஸ்டன் பெயர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஓடி ஓடிக் கோடு பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவன் ஒருவன், கடைசி இரண்டு கஜத்தை முட்டி உள்ளே போனவன் இன்னொருவன். புள்ளிப் பட்டியலில் பின்னவன்தான் நிற்பான். அதனால் புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து "சிறந்த ஆட்டக்காரர்" என்று யாருக்கும் பட்டம் கட்டிவிடாதீர்கள்.

முடிவு இன்னும் வினோதம். எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு கேப்டன் போதும் என்று கேட்டுக்கொள்ள, மிச்சிகன் கேப்டன் ஹியூ ஒயிட் ஒப்புக்கொண்டார், ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆக 49-0 என்பது 62 நிமிஷத்து ஸ்கோர். ஒருபக்கமாக முடிந்த இந்த ஆட்டத்துக்குப் பிறகு திருவிழாக்காரர்கள் ஃபுட்பாலையே ஓரம் கட்டிவிட்டு வேறு பந்தயங்கள் வைத்துப் பார்த்தார்கள், ரதப் பந்தயம்கூட நடந்தது, ஃபுட்பால் திரும்ப வந்தது 1916-ல்.

எதிராளி யார் என்று பாருங்கள், அவன் சீசனையும் பாருங்கள்

550-ஐப் பதினொன்றால் வகுத்தால் சரியாக ஐம்பது. ஸ்கோர்களைச் சின்னதில் இருந்து பெரிதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 49. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள், ஏனென்றால் பஃபலோவும் பெலாய்டும் சேர்ந்தே 217 புள்ளி, மொத்தத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இரண்டே நாளில் வந்தது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மீதி ஒன்பது ஆட்டத்தில் 333, ஆட்டத்துக்கு 37. அதுவும் பயங்கரம்தான், ஆனால் வேறு விதமான பயங்கரம்.

நான் முதலில் பார்ப்பது சின்ன ஸ்கோர்களை. கார்லைல் 22, ஒஹாயோ ஸ்டேட் 21, சிகாகோ 22, அடுத்தடுத்து மூன்று வாரம், பஃபலோவை 128 அடித்த கையோடு. கார்லைல் என்பது பென்சில்வேனியாவில் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய பள்ளி, கோச் பாப் வார்னர், பெரிய பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதி வந்த அணி. சிகாகோவுக்கு அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் கோச். இந்த மூன்று ஆட்டம்தான் சீசனின் முதுகெலும்பு என்பேன், 128-ஐப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

ஆனால் பஃபலோவைச் சோப்ளாங்கி அணி என்று தள்ளிவிடுவதற்கு முன் அவர்களுடைய சீசனையும் ஒரு பார்வை பாருங்கள், அதே ஆண்டில் அவர்கள் கொலம்பியாவை ஜெயித்துவிட்டு வந்தவர்கள். மறுபுறம் ஸ்டான்ஃபோர்டு, மேற்குக் கடற்கரையின் பிரதிநிதி என்ற பெயரில் வந்தாலும், அந்த நவம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திடம் 2-0 தோற்ற அணிதான். இந்த இரண்டு தகவலும் மிச்சிகனின் பக்கத்தில் கிடைக்காது, எதிராளியின் பக்கத்தில்தான் கிடைக்கும்.

இன்றைய பகையை அன்றைக்கு ஏற்றிப் பார்க்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். இன்று மிச்சிகன்–ஒஹாயோ ஸ்டேட் என்றால் நாடே நின்று பார்க்கும், ஆனால் 1901-ல் ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் இருந்த வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் உறுப்பினர்கூட இல்லை, சேர்ந்தது 1912-ல். கான்ஃபரன்ஸ் கணக்கில் வருவது இந்தியானா, நார்த்வெஸ்டர்ன், சிகாகோ, அயோவா நான்கு மட்டும். அதில் நான்கும் ஜெயித்தும் பட்டம் தனியாகக் கிடைக்கவில்லை, விஸ்கான்சினும் தோற்கவில்லை, இருவரும் மோதவும் இல்லை. தேசிய சாம்பியன் என்று அன்று யாரும் அதிகாரபூர்வமாகப் பட்டம் கொடுக்கவில்லை, பிற்காலத்தில் சிலர் உட்கார்ந்து பின்தேதியிட்டுக் கொடுத்ததுதான். அதே 1901-ல் ஹார்வர்டும் பன்னிரண்டு ஆட்டம் ஆடிப் பன்னிரண்டும் ஜெயித்தது, யேலை 22-0 அடித்தது. யார் பெரியவர் என்ற சண்டையை நான் போடுவதில்லை, இரண்டு அணியும் சந்திக்கவில்லை, விஷயம் முடிந்தது.

பழைய பத்திரிகையில் தேடும்போது

சொல்லைப் பழைய மாதிரி எழுதித் தேடுங்கள். அன்று ஃபுட் தனி, பால் தனி, இரண்டு சொல். அணியை 'லெவன்' என்பார்கள். சனிக்கிழமை ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும், ஆட்டத் தேதியையே போட்டுத் தேடி ஏமாறாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக இலவசமாக வைத்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெண்ட்லி நூலகத்தில் ஆண்டுவாரியாக அணிப் பக்கங்கள் உண்டு, மாணவர் பத்திரிகையான மிச்சிகன் டெய்லியின் பழைய இதழ்களும் கிடைக்கின்றன. பாசடீனா ஆட்டத்துக்கு கலிஃபோர்னியாப் பத்திரிகைகளின் தொகுப்புக்குப் போங்கள், தோற்ற தரப்பின் ஊர்ப் பத்திரிகையைப் படிப்பதில் தனி ருசி. விதிக்கு, வால்டர் கேம்ப் தொகுத்து ஸ்பால்டிங் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்ட கையேடு, ஸ்கேன் பிரதிகள் நெட்டில் கிடைக்கும்.

ஸ்கேன் செய்த பக்கத்தில் எழுத்துணரி மென்பொருள் (OCR) செய்யும் கூத்தைச் சொல்லி மாளாது. ஹெர்ன்ஸ்டீன் மாதிரி ஒரு பெயரை அது ஏழு விதமாகப் படிக்கும். பெயரைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் ஊரைப் போட்டுத் தேடி, பக்கத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள்.

இரண்டு பத்திரிகை இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு, ஒன்றில் மூன்றாவது டச்டவுன் ஒருவனுடையது, இன்னொன்றில் வேறொருவனுடையது. அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அன்று சட்டையில் நம்பர் கிடையாது, பதினைந்து இருபது பேர் மண்ணில் குவிந்து கிடக்கும்போது அடியில் பந்தோடு இருப்பது யார் என்று ஓரத்தில் நின்ற நிருபர் எப்படிச் சொல்வார்? டேக்கிள் என்ற முன்வரிசை இடத்தில் ஆடுபவன் டச்டவுன் போட்டதாக வந்தால் மட்டும் பிழை என்று நினைக்காதீர்கள், இன்று அப்படி நடந்தால் அதிசயம், அன்று வரிசையில் இருந்து டேக்கிளை இழுத்து அவன் கையில் பந்தைக் கொடுத்து ஓடவைப்பது மிச்சிகன் கோச் யோஸ்ட் அடிக்கடி ஆடவைத்த ஆட்டம். முரண்பட்டால் இரண்டையும் குறித்து, எது எந்தப் பத்திரிகை என்று ஓரத்தில் எழுதிவிட்டு நகருங்கள்.

பக்கத்துச் செய்தியையும் படியுங்கள், அதற்கு நேரம் போனால் போகட்டும். 1901 செப்டம்பர் 6-ல் ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டது பஃபலோ நகரத்துக் கண்காட்சியில், செப்டம்பர் 14-ல் இறந்தார், சரியாக இரண்டு வாரம் கழித்து மிச்சிகன் சீசன் தொடங்கியது. பதவிக்கு வந்த தியோடர் ரூஸ்வெல்ட்தான் 1905 அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு ஆட்டத்தைக் கொஞ்சம் ஒழுங்காக ஆடுங்கள் என்று சொன்னவர். ஏன் அப்படிச் சொல்ல வேண்டிவந்தது என்பதற்கு 1901-லேயே தடயம் இருக்கிறது. மிச்சிகனோடு ஆடுவதற்கு இரண்டு வாரம் முன்பு, வேறொரு ஆட்டத்தில் பட்ட அடியில் ஒஹாயோ ஸ்டேட்டின் சென்டர் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்) ஜான் செக்ரிஸ்ட் இறந்துபோனார். அந்த அணிதான் நவம்பர் 9 அன்று மைதானத்தில் இறங்கி 21-0 தோற்றது. காலண்டரில் அந்த வரிக்கு எதிரே இதைக் குறிக்காமல் வெறும் 21-0 என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. 1905-க்குப் பிறகு விதி மாறியது, 1906-ல் முன்னால் வீசும் பாஸ் வந்தது, ஐந்து கஜம் பத்து கஜம் ஆனது.

ஆட்களைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானம்

கோச் ஃபீல்டிங் யோஸ்ட், மிச்சிகனில் அது அவருக்கு முதல் வருஷம். அதற்கு முன் ஒஹாயோ வெஸ்லியன், நெப்ராஸ்கா, கான்சஸ், ஸ்டான்ஃபோர்டு என்று வருஷத்துக்கு ஒரு ஊர். ஸ்டான்ஃபோர்டில் பழைய மாணவர்தான் கோச்சாக இருக்கலாம் என்று முடிவானதும் மூட்டை கட்டினார். ஆக பாசடீனாவில் அவர் 49-0 அடித்தது போன வருஷம் தானே பழக்கிய காலேஜை. இந்த மாதிரித் திருப்பம் கிடைத்தால் எழுத்துக்காரன் கை சும்மா இருக்காது, பழிவாங்கல் என்று ஒரு பத்தி எழுதத் தோன்றும். அவர் மனசில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது, தேதியையும் ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள், வாசகன் பார்த்துக்கொள்வான்.

ஹெஸ்டனும் கலிஃபோர்னியாவில் யோஸ்டுக்குப் பழக்கமான பையன், சான் ஹோஸே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆடியவன், அங்கிருந்து ஆன் ஆர்பருக்குச் சட்டம் படிக்க வந்தான். இன்றைக்கு இருக்கும் தகுதி விதிகளை வைத்து இதைக் கள்ள ஆட்டம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. 1901-ல் நாடு முழுவதற்குமான ஒரு விளையாட்டு ஆணையமே கிடையாது, இன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளைக் கவனிக்கும் என்சிஏஏ-வின் முன்னோடி அமைப்பு உருவானதே 1906-ல். இவர் மட்டும் என்ன, யோஸ்டே 1896-ல் மேற்கு வர்ஜீனியாவில் படித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று லஃபாயெட் காலேஜுக்கு ஒரு பெரிய ஆட்டம் ஆடிக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்! அந்தக் காலத்து அளவுகோலை முதலில் தேடி எடுங்கள், அப்புறம் அளக்கலாம்.

கடைசியாகப் பட்டப்பெயரைச் சோதித்துப் பாருங்கள். இந்த அணிக்கும் அடுத்த நான்கு வருஷத்து அணிகளுக்கும் "நிமிஷத்துக்கு ஒரு புள்ளி" என்று பெயர். பதினொரு ஆட்டமும் முழு எழுபது நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 770, பாசடீனாவில் விட்ட எட்டைக் கழித்தால் 762 நிமிஷம், 550 புள்ளி. அதாவது ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷம் 23 வினாடி. பெயர் கொஞ்சம் மிகை என்று தோன்றும். ஆனால் குறைத்து ஆடிய ஆட்டங்களின் உண்மை நேரத்தைப் போட்டால் இந்த இடைவெளி சுருங்கும், மேலே சொன்ன பொடி எழுத்து வரியைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். பதினொரு ஆட்டத்தின் நிமிஷத்தையும் தேடி எடுத்து நீங்களே கூட்டுங்கள்.

அதை முடித்துவிட்டால் அடுத்து 1905 சீசனை எடுங்கள். 1901 முதல் 1905 வரை ஐந்து வருஷத்தில் மிச்சிகன் போட்டது 2,821, விட்டது 42, 1903-ல் மினசோட்டாவோடு 6-6 என்று ஒரே ஒரு சமன், ஒரே ஒரு தோல்வி. 1905-ன் மொத்தம் 495-2. அந்த இரண்டு புள்ளியும் வந்தது நவம்பர் 30, நன்றி தெரிவிக்கும் நாள், சிகாகோவில், ஸ்டாக்கின் அணி, ஸ்கோர் 2-0. நோட்டின் மேல் மூலையில் 1905-ன் விதியை எழுதிக்கொண்டு, சேஃப்டி என்றால் என்ன என்று மறுபடி பார்த்துவிட்டு, டிசம்பர் 1 பத்திரிகையைத் திறங்கள்.